ஊட்டுக்கு ஒரு ஆள்

நான் வேலை பார்த்த ஊராட்சித் தலைவர்களில் கை நீட்டாதவர் அந்த அம்மாள் ஒருவர்தான். அதனாலேயே அவரிடம் வேலை பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. வாங்குகிறவரிடம் ஒரு வழி இருக்கும். எதையாவது கொடுத்து எதையாவது நகர்த்திவிடலாம். இவருக்குக் கொடுக்கவும் முடியாது, இவரிடமிருந்து வாங்கவும் முடியாது. பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. ஊரில் எல்லோரும் தலைவரம்மா என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் முள்ளுக்குறிச்சிக்காரன். அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் விவசாயக் காடு உண்டு. ஊராட்சிச் செயலர் வேலை கொடுத்து மலைக்கு மேலே அனுப்பினார்கள். செயலர் என்பது அரசாங்கம் வைத்த பெயர், ஜனங்களுக்கு நான் கிளார்க்கு. சோளக்காடு என்ற ஊரைத் தாண்டி, பஸ் நின்று திரும்புகிற ஒரு ஊர். ஊர்ப் பெயரும் வேண்டாம். சேர்ந்த முதல் நாள், தலைவரைக் கொஞ்சம் குளிர வைக்கலாம் என்று பஜாரிலிருந்து டீ வரவழைத்தேன். குடித்தார். மறுநாள் காலையில் ஆபீசைத் திறக்கப் போனால் வாசலில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருக்கிறது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது என்று நினைத்தேன். நேற்று டீ குடித்ததற்கு என்றார் தலைவரம்மா. ஒரு டம்ளர் டீக்கு ஒரு பலாப்பழம். வாரக் கடைசியில் அதை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவிலும் பஸ்ஸில் இறங்கினேன். அதற்குப் பிறகு நான் அவருக்கு டீ சொன்னதில்லை.

அவர் வீட்டு வாசலில் ஒரு கொய்யாமரம் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பழம் கேட்டால் தருவார். ஆனால் கொல்லையில் களை பிடுங்க வேண்டும். ஒரு சாமியார் பசியோடு வந்து கேட்டதற்குக் கோடாலியைக் கையில் கொடுத்து விறகைக் காட்டினார். தீபாவளிக்கு லாட்ஜ்காரர் ஒருவர் இனிப்புப் பெட்டி அனுப்பினார், எல்லோருக்கும் அனுப்புவதுபோல. திருப்பி அனுப்பினால் அவர் மனம் நோகும் என்று நான் சொன்னேன். சரி என்று வாங்கிக்கொண்டு, பெட்டியின் எடைக்கு எடை மிளகு கட்டி கொண்டுவந்த ஆள் கையிலேயே கொடுத்துவிட்டார். லாட்ஜ்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவுக்கு என்ன கோபம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் எதுவும் இல்லை. சும்மா வாங்கினால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

ஓட்டையும் அவர் சும்மா வாங்கவில்லை. தேர்தலில் மற்றவர்கள் வீட்டுக்கு வீடு என்ன கொடுத்தார்கள் என்பது மலைக்கே தெரியும். இவர் வெறுங்கையோடு போய் நின்றார். உங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று சொல்லுங்கள், செய்து கொடுத்து ஓட்டைக் கழித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். கீழ்வளவில் எல்லா வீடும் ஒரே வார்த்தைதான் சொன்னது. சாக்கடை.

பஜாருக்குக் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள்தான் கீழ்வளவு. மிளகும் காப்பியும் குச்சிக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிற ஜனங்கள். பஜாரில் லாட்ஜும் ஓட்டலும் பெருகப் பெருக, மேலே கழுவிவிடுவதெல்லாம் கீழே வந்து இவர்கள் கொல்லையில் நின்றது. சனி ஞாயிறில் கார்கள் ஏறி வந்தால் திங்கட்கிழமை கீழ்வளவில் சோறு இறங்காது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த கக்கூஸ்கள் இருந்தன. மழை பிடித்தால் அவற்றின் குழிகள் நிரம்பி மேலே வழியும். பிள்ளைகளுக்கு எந்நேரமும் வயிற்றுப்போக்கு. எல்லோரும் பழையபடி சரிவில் இறங்கி முள்ளுக்குள் போய்வந்தார்கள்.

தலைவரம்மா அந்த வளவில் பிறந்தவர். பஜாரில் மிளகு வியாபாரம் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு மேலே வந்தார். அவருடைய அம்மா கீழ்வளவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தது. அதனால் சாக்கடை வந்துவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். மகள் தலைவராக இருக்கும்போது தாய் நாற்றத்தில் கிடக்குமா என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை நானும் போட்டேன்.

சாக்கடைக்கு எங்கிருந்து செலவழிப்பது என்று ஊராட்சிக் கூட்டம் போட்டோம். பொது நிதியில் குழாய் வாங்கலாம், வளவுக்குக் கீழே தொட்டியும் கட்டலாம். குழி வெட்டும் கூலிக்குத்தான் துட்டு இல்லை. அது பாறை கலந்த மண், கூலி கூடுதலாகும். ஒரு வார்டு உறுப்பினர், லாட்ஜ்காரர்களிடம் வாங்குவோம், அவர்கள் அழுக்குத்தானே கீழே போகிறது என்றார். நியாயமான பேச்சு. எல்லோரும் தலையாட்டினோம்.

"லாட்ஜுக்காரரு காசுல வெட்டுனா அது லாட்ஜுக்காரரு சாக்கடைங்க" என்றார் தலைவரம்மா. "நாளைக்கு அவரு மூடுன்னா மூடோணும். மேல இருக்கறவங்க மேலத் தெருவுக்குக் குடுக்கட்டும். கீழ்வளவுக்குக் கீழ்வளவு குடுக்கட்டும்."

அதிலும் நியாயம் இருந்தது. அவரோடு பேசுவதில் இதுதான் தொல்லை. எது சொன்னாலும் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கும். அப்படியானால் நூறு நாள் வேலையில் எழுதிவிடலாம் என்று நான் சொன்னேன். வளவு ஆட்களே வெட்டட்டும், அரசாங்கம் கூலி கொடுக்கட்டும், யாருக்கும் பாரமில்லை. சொல்லிவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏனுங்க, அவிங்க ஊட்டுக் கக்கூசுக்கு அவிங்க குழி வெட்டறதுக்கு அரசாங்கம் எதுக்குங்க கூலி குடுக்கோணும்?" என்று கேட்டார்.

தீர்மானம் அவர் சொன்னபடியே ஆனது. குழாயும் தொட்டியும் ஊராட்சியுடையது. குழி வளவுடையது. ஊட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும், ஆள் வராத வீட்டுக்கு இணைப்பு கிடையாது.

ஊட்டுக்கு ஒரு ஆள் என்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. கோயிலுக்கு மண் அடிப்பது, மழையில் அரித்துப்போன பாதையைத் தூர்ப்பது, சாவு விழுந்தால் குழி வெட்டுவது எல்லாம் அப்படித்தான். ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு இளக்கம் உண்டு. ஆள் இல்லாத வீட்டை யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் வெட்டிவிட்டுப் போவார்கள், அதைப் பேசக்கூட மாட்டார்கள். தலைவரம்மா வழக்கத்தை எடுத்துக்கொண்டு இளக்கத்தை விட்டுவிட்டார்.

அளவு எடுக்க ஓவர்சீயரோடு நான் கீழ்வளவுக்குப் போனேன். கடைசி வீட்டில் அந்தக் கிழவி, முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எங்களை உட்காரச் சொன்னது. "வரக்காப்பி போடறேன் சாமி. அதுக்கு முன்னால அந்தச் சாமை மூட்டைய உள்ள இழுத்துப் போட்டுரு" என்றது. நான் மூட்டையை இழுத்தேன். ஓவர்சீயரைப் பானை நகர்த்தச் சொன்னது. அப்புறந்தான் காப்பி வந்தது. மகளுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கிழவி மகளைப் பற்றிப் பெருமையாக ஒரு சங்கதி சொன்னது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தலைவரம்மாவுக்கு ஒரு மழைக்காலத்தில் கடுமையான காய்ச்சலாம். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டதாம். ஒரு முறம் அவரைக்காயை முன்னால் வைத்து, இதை உரித்துவிட்டுக் குடி என்று அம்மா சொன்னதாம். "அந்தக் காய்ச்சலோட உரிச்சா கண்ணு. கை நடுங்குது, ஆனா ஒரு காய் மிச்சம் வெக்கல. உரிச்சு முடிச்சுட்டுத்தான் கஞ்சியத் தொட்டா." சொல்லும்போது அதன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். இழுத்துப் போட்ட மூட்டை சரியாக இருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஓவர்சீயர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டே எழுந்தார், அவருக்கும் பயம் வந்துவிட்டது.

குழி வெட்டு தொடங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த பையன்களை லீவு போடச் சொல்லி வரவழைத்தார்கள். புருஷன் இல்லாத வீடுகளிலிருந்து பெண்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பிள்ளை பெற்று எழுந்த ஒருத்தி, பச்சை உடம்பு, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். தாராளமாகப் பொறுக்கலாம், அவள் வந்து வெட்டுகிற அன்றைக்கு அவள் வீட்டுக்கு இணைப்பு வைப்போம் என்று தலைவரம்மா சாந்தமாகச் சொன்னார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் காதை மூடித் துணி கட்டிக்கொண்டு மறு வாரமே வந்தாள். குழந்தையை சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தாள். அது கத்தக் கத்த அவள் மண் அள்ளினாள். கூட வெட்டியவர்கள் அவள் பங்கைத் தொடப் போனால் தலைவரம்மா நிமிர்ந்து பார்ப்பார். கை தானாக நின்றுவிடும்.

அவர் தினமும் வந்தார். சொந்தச் சோற்றுத் தூக்கோடு வருவார், பொழுது சாயும்வரை வெயிலில் நிற்பார், உட்கார மாட்டார். வெட்டவும் மாட்டார், இது அவர் வளவு இல்லையே.

குழி கடைசி வீட்டை நெருங்கியபோதுதான் ஆள் கணக்கில் கிழவி வீடு இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. பக்கத்து வீட்டுப் பாவாயி வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். பாவாயியும் தலைவரம்மாவும் சின்ன வயதில் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, உங்க அம்மா ஊட்டுக்கு நாங்களே சேந்து வெட்டிரறோங்க. ஒரு காலை வேலைங்க அது."

"வேண்டாம் பாவாயி. அப்பறம் ஆளாளுக்குக் கேப்பாங்க."

"அப்ப நீங்களே ஒரு நாளைக்கு மம்பட்டி புடிங்க. அம்மா ஊட்டு ஆளா வாங்க."

"நான் கட்டிக் குடுத்தவ. இந்த ஊட்டு ஆளு நான் இல்ல."

கூலிக்கு ஒரு ஆள் வைத்தால் என்ன என்று நான் குறுக்கே விழுந்தேன். அது புருஷன் வீட்டுக் காசு, அம்மாவுக்கு அதில் பாத்தியதை இல்லை என்றார். கிழவி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தோம். அழும் என்று நினைத்தோம். "அவ சொல்றது சரிதான் சாமி" என்றது கிழவி. "என்னால முடியல. முடியாதவளுக்கு எதுக்குப் பைப்பு?"

நான் பிளம்பரைத் தனியாகக் கூப்பிட்டு, கிழவி வீட்டுக்கு நேரே குழாயில் ஒரு வாய் விட்டு வைக்கச் சொன்னேன். என்றைக்காவது மனம் மாறினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். அந்த அம்மாள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மண் மூடுவதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டு, அந்த வாய்க்கு மூடி போடச் சொன்னார். உங்களைப் பெற்ற தாயாயிற்றே என்று கேட்டேன். அதனால்தான் என்றார்.

சாக்கடை நன்றாக ஓடியது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். கொல்லைகள் காய்ந்தன, ஈ குறைந்தது, பிள்ளைகள் தேறின. மழைக்கும் ஒரு வீட்டுக் கக்கூஸும் வழியவில்லை, கிழவி வீட்டில் மட்டும் குழி நிரம்பிக் கிடந்தது. பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, மக்கள் பங்களிப்பு என்றால் இதுதான் என்று தலைவரம்மாவைப் புகழ்ந்தார். பெற்ற தாய்க்கே விட்டுக்கொடுக்காதவர் என்று யாரோ பெருமையாக எடுத்துக்கொடுத்தார்கள். அதிகாரி கண் கலங்கிவிட்டார். அந்த நேரத்தில் கிழவி கோலை ஊன்றிக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. எதற்கு இறங்குகிறது என்று அதிகாரிக்குத் தெரியாது.

பாவாயி கிழவியைத் தன் வீட்டுக் கக்கூசுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாள். கிழவி வந்தது. வரும்போது ஒரு கை அவரைக்காய் கொண்டுவந்தது. அடுத்த நாள் இரண்டு சுள்ளி விறகு. அதற்கடுத்து ஒரு ஆழாக்கு சாமை. வேண்டாம் என்று பாவாயி சொன்ன அன்று வாசலோடு திரும்பிச் சரிவுக்குப் போய்விட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாவாயி என்னிடம் வந்து சொன்னாள். கக்கூசுக்குப் போக ஒரு ஆழாக்கு சாமை வாங்குகிறவள் என்று ஊர் என்னைப் பேசாதா என்றாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கொடுப்பதை மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வாள். கிழவி வெயிலில் கண்ணயர்ந்திருக்கும்போது உள்ளே போய் அதன் பானையிலேயே திரும்பக் கொட்டிவிடுவாள்.

கொஞ்ச நாள் இது நடந்தது. ஆனால் கிழவிக்குக் கண் மங்கலே தவிர கை மங்கல் இல்லை. பானைக்குள் கைவிட்டுப் பார்த்து, சாமை குறையவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது. பாவாயி வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னைய ஏமாத்திப் பிச்சைக்காரி ஆக்கிட்டியே பாவாயி" என்றது. அதோடு சரி. பாவாயி எவ்வளவு கெஞ்சியும் அந்தக் கக்கூஸ் பக்கம் அது திரும்பவில்லை.

நான் இதைத் தலைவரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஆபீசில் வேறு யாரும் இல்லை. மழை வருகிறது, சரிவு வழுக்கும், வயதான உடம்பு, ஒரு மூடியை எடுத்தால் போதும் என்று என்னால் முடிந்தவரை இறங்கிப் பேசினேன். அவர் ஜன்னல் வழியாக மலையில் மஞ்சு மூட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா சரியாத்தாங்க செஞ்சிருக்கு" என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. காய்ச்சல் கதையைச் சொன்னபோது கிழவியிடம் இருந்த அதே பெருமை. அன்றைக்கு நான் அவரை மனதார வெறுத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை கிழவி சரிவில் வழுக்கி விழுந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். இடுப்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன்னைத் தூக்கி வந்தவர்களுக்கு என்ன கொடுத்தாய் என்று மகளைக் கேட்டதாம். ஆளுக்கு ஒரு தார் வாழைப்பழம் என்று மகள் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டதாம். பிறகு திறக்கவில்லை.

பிணம் கடைசி வீட்டு வாசலில் கிடந்தது. தலைவரம்மா அழவில்லை. அழாதவர் என்று சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. அங்கே அழவில்லை. புருஷன் வீட்டார் கோடித்துணியோடு வந்திருந்தார்கள். அவர்களுடைய பங்காளிகள் குழி வெட்ட முன்வந்தார்கள். சம்பந்தி வீட்டார் குழி வெட்டுவது அங்கே வழக்கமில்லை. செத்தவர் இருந்த வளவுதான் வெட்ட வேண்டும், ஊட்டுக்கு ஒரு ஆள். வளவு வருமா என்று நான் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் அனுப்பாத வீட்டுக்கு நாங்கள் எதற்கு வர வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அந்த அம்மாளே ஒத்துக்கொள்ள வேண்டிய கேள்விதான்.

அவர் அதற்குத் தயாராகவே இருந்தார் என்று நினைக்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்து வாசலுக்கு வந்தார். "எங்கம்மா ஊட்டு ஆளா நான் வாரேனுங்க. நானே வெட்டிக்கறேன்" என்றார்.

அப்போதுதான் வளவு வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லா வீட்டிலிருந்தும். திருப்பூர்ப் பையன்கள்கூட சேதி கேட்டு வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மம்பட்டியும் கடப்பாரையும். பாவாயி முன்னால் வந்து தலைவரம்மாவின் தோளிலிருந்த மம்பட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கட்டிக் குடுத்தவங்க தலைவரம்மா. இந்த ஊட்டு ஆளு நீங்க இல்லீங்க."

அவள் அக்கா என்று சொல்லாததை எல்லோரும் கவனித்தோம். தலைவரம்மா மம்பட்டியை விடவில்லை. பாவாயியும் விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கை தளர்ந்தது தலைவரம்மாவுக்குத்தான். ஆண்கள் போய்க் குழி வெட்டினார்கள். ஆழமாக, ஓரங்களை வழித்து, அந்த வளவில் அப்படி ஒரு குழி யாருக்கும் வெட்டியிருக்க மாட்டார்கள்.

குழி வெட்டியவர்களுக்குச் செத்த வீட்டில் சோறு போட வேண்டும். அண்டாவில் சோறு, மொச்சைக் குழம்பு, தலைவரம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. இலையும் போட்டாகிவிட்டது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் ஓடையில் கைகால் கழுவிக்கொண்டு, பந்தலைக் கடந்து, அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் பந்தலில் காத்திருந்தார். பிறகு இறங்கி ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்க் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றார்கள், அப்புறம் வருகிறோம் என்றார்கள். பச்சை உடம்போடு சாக்கடைக்கு வெட்டிய பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியாகப் பாவாயி வீட்டுக்குப் போனார். "சோறு வேண்டாம்னா வேற என்ன குடுக்கட்டும், சொல்லு" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிச்சை கேட்பதுபோல இருந்தது.

"ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் பாவாயி. "சும்மாத்தான் வெட்டுனோம். சும்மா வாங்கிக்குங்க."

சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மாளை அடிக்க இதைவிட நல்ல கோல் மலை முழுதும் தேடினாலும் கிடைக்காது. அவர் பந்தலுக்குத் திரும்பி வந்து என் முன்னால் இலையைத் தள்ளி, நீங்களாவது உட்காருங்கள் என்றார். நான் குழி வெட்டவில்லையே, சும்மா எப்படிச் சாப்பிடுவது என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினேன், இல்லை. நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளும் பார்வைதான் இருந்தது. அண்டாச் சோற்றை ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். பஜாரில் நாய்களுக்கு அன்று விருந்து.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடனை அடைக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கீழ்வளவில் மிளகு பறிப்பு என்று கேள்விப்பட்டால் தன் செலவில் ஆள் அனுப்புவார். ஆள் திரும்பி வந்துவிடும். கல்யாணத்துக்கு மூட்டை அரிசி அனுப்பினார், வாசலோடு திரும்பியது. பதவிக்காலம் முடிந்து அவர் வீட்டோடு இருந்தார். எனக்கும் அடிவாரத்தில் ஒரு ஊராட்சிக்கு மாறுதல் வந்தது.

போன வருஷம் காட்டில் வைக்க மிளகுக்கொடி வாங்கச் சோளக்காட்டுக்குப் போனவன், பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பழைய ஊரையும் எட்டிப் பார்த்தேன். கீழ்வளவில் பாவாயி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னை வாங்க என்று சொல்லிவிட்டு, கண்ணால் கடைசி வீட்டைக் காட்டினாள்.

பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு முன்னால் தலைவரம்மா குழி வெட்டிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. வீட்டுக் கக்கூசிலிருந்து, மூடி போட்ட அந்த வாய்வரைக்கும், தனியாக. எத்தனை நாளாக வெட்டுகிறாரோ தெரியவில்லை, நான் போனபோது முடிகிற தறுவாய். மூடியை எடுத்துவிட்டுக் குழாயைப் பொருத்தினார், தானே மண்ணை இழுத்து மூடினார். வளவு ஜனங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. அந்த வீட்டில் குடியிருக்க ஒரு ஜீவன் கிடையாது என்பதை அவருக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை.

வெட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எப்போது வந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. "ஊட்டுக்கு ஒரு ஆளு வந்தாச்சுங்க கிளார்க்கு" என்றார். நான் இப்போது இந்த ஊர்க் கிளார்க்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு தலையை மட்டும் ஆட்டினேன்.

குழாயில் தண்ணீர் போகிறதா என்று ஊற்றிப் பார்க்க வேண்டும். அம்மா வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் பாவாயி வாசலுக்கு வந்து நின்றார். பாவாயி உள்ளே போய் ஒரு குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தலைவரம்மா இடுப்பிலிருந்து ஒரு சின்ன மிளகுப் பொட்டணத்தை எடுத்து நீட்டினார். தயாராகக் கட்டி எடுத்து வந்திருந்தார்.

"தண்ணிதானுங்க" என்றாள் பாவாயி. கையை நீட்டவில்லை. "சும்மா ஊத்துங்க."

அவர் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை ஒருமுறை குடத்தின் கழுத்துவரை போய்த் திரும்பியது. பிறகு பொட்டணத்தை மடியில் செருகிக்கொண்டார். அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் கவிழ்த்து வைத்திருந்த நசுங்கிய குடம் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்தார்.

ஊற்று வெகு கீழே இருக்கிறது. அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும். காலையில் மழை பெய்திருந்தது. பாவாயி கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு அடியாக ஊன்றி ஊன்றி இறங்கிப் போனார்.